எல்லையோர குடும்ப மருத்துவர்களின் வருமான வரி: தொழிலுக்குப் புதிதாக வந்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பொள்ளாச்சி, கோபாலபுரம், வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வாளையார் என்று தமிழ்நாடு-கேரள எல்லையை ஒட்டியுள்ள ஊர்களில் தொழில் பார்க்கும் இளம் டாக்டர்களுக்குப் பெரும்பாலும் ஒரே வேலை இருப்பதில்லை. காலையில் சித்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி, வாரத்தில் இரண்டு மதியம் கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி, சாயங்காலம் சொந்தக் கிளினிக். மூன்று இடத்துப் பணமும் ஒரே கணக்கில் விழும். மார்ச் மாதம் வந்ததும் ஃபைலோடு ஆடிட்டரைத் தேடி வருவார்கள். அங்கே அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கான பதில்கள் இவை.

தொகைகள் எல்லாம் 2025-26 நிதியாண்டுக்கானவை. பிரிவு எண்கள் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தரப்பட்டுள்ளன. 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் வந்து எண்கள் மாறினாலும், ஆடிட்டர் அலுவலகங்களில் இன்னும் கொஞ்ச காலம் பழைய எண்ணைத்தான் சொல்வார்கள்.

வீடு பொள்ளாச்சியில், கிளினிக் கொழிஞ்சாம்பாறையில். எந்த மாநிலத்துக்கு வரி கட்டுவது?

வருமான வரி மத்திய அரசுடையது. எந்த ஊரில் சம்பாதித்தாலும் ஒரே பான், ஒரே ரிட்டர்ன். பான் கார்டில் உள்ள முகவரியைப் பொறுத்து உங்கள் ஃபைல் எந்த அதிகாரியிடம் போகும் என்பது மட்டும் மாறும். இரண்டு மாநிலத்தில் வேலை பார்க்கிறோம் என்பதற்காக இரண்டு பான் வாங்கிவிடாதீர்கள், அதற்கு 10,000 ரூபாய் அபராதம் உண்டு.

எல்லை குறுக்கே வருவது வேறு மூன்று இடங்களில்: மருத்துவக் கவுன்சில் பதிவு, கிளினிக் பதிவு, தொழில்வரி. அதற்குக் கீழே வருகிறேன்.

ஆஸ்பத்திரியில் மாதம் ஒன்றரை லட்சம் தருகிறார்கள். ‘சம்பளமாக வேண்டுமா, கன்சல்டன்டாக வேண்டுமா’ என்று கேட்கிறார்கள். எதைச் சொல்வது?

டாக்டரின் வரிக்கணக்கில் எல்லாவற்றையும்விடப் பெரிய முடிவு இதுதான். ஆனால் இதை வேலையில் சேரும் நாளில், எச்.ஆர். நீட்டிய தாளில், பேனா கேட்டு வாங்கி ஒரு நிமிஷத்தில் முடித்துவிட்டு வந்துவிடுவார்கள்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். வருடத்துக்கு 18 லட்சம். சம்பளமாக வந்தால், புதிய வரி முறையில் (விகிதம் குறைவு, கழிவுகளும் குறைவு) சம்பளக்காரர்களுக்கு ரசீது இல்லாமலே கிடைக்கும் நிலைக்கழிவு 75,000 போக 17.25 லட்சம். அதற்கு வரி 1,45,000, வரியின் மேல் 4 சதவீதமாக வரும் செஸ் சேர்த்து 1,50,800 ரூபாய்.

அதே 18 லட்சம் தொழில்முறைக் கட்டணமாக வந்தால், 44ஏடிஏ பிரிவின்படி பாதியை லாபமாகக் காட்டலாம். 9 லட்சம். புதிய முறையில் மொத்த வருமானம் 12 லட்சம் வரை 87ஏ தள்ளுபடி கிடைப்பதால் வரி பூஜ்யம். ஆஸ்பத்திரி 194ஜே பிரிவில் 10 சதவீதத்தை வரியாக முன்கூட்டியே (டிடிஎஸ்) பிடித்திருக்கும், அந்த 1,80,000 ரூபாயும் ரிட்டர்ன் போட்டால் திரும்பி வரும். வேறு வருமானம் இல்லாத ஒரு டாக்டருக்கு 24 லட்சம் ரூபாய் கட்டணம் வரை இந்த வழியில் வரி வராது.

இவ்வளவு வித்தியாசமா என்று கேட்பீர்கள். ஆமாம், இவ்வளவுதான். ஆனால் ‘கன்சல்டன்ட்’ என்று எழுதிவிட்டால் மட்டும் கன்சல்டன்ட் ஆகிவிட முடியாது. காலை எட்டுக்குக் கைரேகை வைக்க வேண்டும், லீவுக்கு மனு கொடுக்க வேண்டும், வெளியில் பார்க்கக்கூடாது, மாதம் பிறந்தால் ஒரே தொகை என்றெல்லாம் இருந்தால் அது முதலாளி-ஊழியர் உறவு, சம்பளம்தான் என்று துறை சொல்ல முடியும். நோயாளி எண்ணிக்கையையோ ட்யூட்டியையோ வைத்துத் தொகை மாறுகிறது, வேறு இடங்களிலும் பார்க்க உரிமை இருக்கிறது, பி.எஃப். இல்லை என்றால் கட்டணம் என்பது நிற்கும். ஒப்பந்தத்தின் ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும். கையெழுத்துப் போட்டவர்களில் பலரிடம் அது இருப்பதில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. சம்பளம் என்றால் பி.எஃப்., பணிக்கொடை, சம்பளத்தோடு லீவு, பெண் டாக்டர்களுக்குப் பேறுகால விடுப்பு எல்லாம் உண்டு. கன்சல்டன்டுக்கு இதில் ஒன்றும் கிடையாது. அப்புறம், வங்கி வீட்டுக்கடன் தரும்போது ரிட்டர்னில் உள்ள 9 லட்சத்தைத்தான் பார்க்கும், கையில் வரும் 18 லட்சத்தை அல்ல. இரண்டு வருடத்தில் வீடு கட்டப்போகிறவர் இதை யோசிக்க வேண்டும். அடுத்த வருடம் குழந்தை பெற்றுக்கொள்ள நினைக்கும் ஒரு பெண் டாக்டர் கேட்டால், வரியை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள் என்றுதான் சொல்வேன்.

பாதியை லாபம் என்று காட்டலாம் என்கிறீர்கள். என் செலவு உண்மையில் பாதிகூட இல்லையே?

44ஏடிஏ-யில் செலவுக்கு ரசீது காட்ட வேண்டியதில்லை, கணக்குப் புத்தகமும் கட்டாயமில்லை. வருடக் கட்டணம் 50 லட்சம் வரை பொருந்தும், ரொக்கமாக வாங்குவது 5 சதவீதத்துக்கு மேல் போகவில்லை என்றால் 75 லட்சம் வரை. சட்டத்தின் சொற்கள் ‘50 சதவீதம், அல்லது அதற்கு மேல் ஈட்டியதாகச் சொல்லும் தொகை’. அதற்கு மேல் கட்டாயம் காட்டியே ஆக வேண்டுமா என்பதில் ஆடிட்டர்களுக்குள்ளேயே வாதம் உண்டு.

என் கருத்து: பாதியைக் காட்டுவது சட்டம் கொடுத்த வழி, தயங்க வேண்டாம். ஆனால் காட்டிய வருமானத்துக்கும் சேர்த்த சொத்துக்கும் பொருத்தம் இருக்க வேண்டும். வருடம் 9 லட்சம் காட்டிவிட்டு அதே வருடம் 14 லட்சத்துக்கு மியூச்சுவல் ஃபண்டும் நிலமும் வாங்கினால், வருமான வரித் துறை உங்கள் பானில் திரட்டி வைக்கும் ஏஐஎஸ் அறிக்கையில் அந்த இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். அப்போது கேள்வி வரும், பதில் சொல்ல வங்கிக் கணக்கு தெளிவாக இருக்க வேண்டும். அதற்குத்தான் கிளினிக்குக்கென்று தனிக் கணக்கு, தனி க்யூஆர் கோடு. மளிகைக்கடைக்குப் பணம் அனுப்பிய கணக்கிலேயே நோயாளி பீஸும் விழுந்துகொண்டிருந்தால் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

நான் மருந்து, ஊசி எல்லாம் சேர்த்தே பீஸ் வாங்குகிறேன். அப்போதும் இதுதானா?

இது நம் பக்கத்துக் கேள்வி. மெடிக்கல் ஷாப் பக்கத்தில் இல்லாத கிராமத்துக் கிளினிக்கில் 200 ரூபாய்க்கு ஊசி, மூன்று நாள் மாத்திரை, பாட்டில் மருந்து எல்லாம் அடக்கம். அந்த 200-ம் முழுக்க உங்கள் மொத்த வரவு. மருந்துக் கொள்முதலைக் கழித்துவிட்டு மீதியில் பாதி என்று கணக்குப் போட முடியாது.

வருட வரவு 30 லட்சம், மருந்து 12 லட்சம், வாடகை, நர்ஸ் சம்பளம், கரண்ட் எல்லாம் 5 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் நிற்பது 13 லட்சம். 44ஏடிஏ-யில் காட்ட வேண்டியது 15 லட்சம். வரி 1,09,200. உண்மைக் கணக்கைக் காட்டினால் 78,000. மிச்சம் 31,200 ரூபாய். ஆனால் பாதிக்குக் கீழே லாபம் காட்டினால் கணக்குப் புத்தகமும் தணிக்கையும் கட்டாயம். தணிக்கைக் கட்டணமும், வருடம் முழுக்க பில் சேர்த்து எழுத ஒரு ஆளும் என்று பார்த்தால் அந்த மிச்சத்தில் பெரும்பகுதி போய்விடும். இந்த அளவு வித்தியாசத்துக்கு 44ஏடிஏ-யிலேயே இருந்துவிடலாம். மருந்துச் செலவு வரவில் பாதியை நெருங்கினாலோ, ஈசிஜி, அல்ட்ராசவுண்ட் என்று பெரிய கருவி வாங்கித் தேய்மானம் எடுக்க வேண்டியிருந்தாலோ அப்போது முழுக் கணக்குக்குப் போகலாம். 44ஏடிஏ-யில் தேய்மானம் அந்தப் பாதிக்குள்ளேயே அடங்கியதாகக் கொள்வார்கள், தனியாகக் கிடையாது.

எந்த வழியில் போனாலும் நோயாளிப் பதிவேடு ஒன்று எழுதுங்கள். தேதி, வரிசை எண், பெயர், என்ன சிகிச்சை, எவ்வளவு பீஸ். விதி 6எஃப்-இல் படிவம் 3சி என்று சொல்வது இதைத்தான். நாற்பது பக்க நோட்டு போதும்.

கல்விக்கடன் வட்டி நிறையக் கட்டுகிறேன். பழைய முறைதானே எனக்கு லாபம்?

எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். 80இ பிரிவில் கல்விக்கடன் வட்டிக்கு உச்சவரம்பு இல்லை என்பது உண்மை. கட்டத் தொடங்கிய வருடத்திலிருந்து எட்டு வருடம் கிடைக்கும், வெளிநாட்டில் படித்ததற்கும் பொருந்தும். ஆனால் வட்டிக்கு மட்டும், அசலுக்கு இல்லை. மாமாவிடம் வாங்கிய கடனுக்கும் இல்லை. பழைய முறையில் மட்டும்தான்.

சம்பளம் 14 லட்சம் வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பழைய முறையில் நிலைக்கழிவு 50,000, 80சி சேமிப்புக் கழிவு ஒன்றரை லட்சம் முழுதாக, கல்விக்கடன் வட்டி 1.8 லட்சம், தனக்கும் அறுபது தாண்டிய பெற்றோருக்கும் மருத்துவக் காப்பீடு 75,000. இவ்வளவும் கழித்தும் 9.45 லட்சம் நிற்கிறது, வரி 1,05,560. புதிய முறையில் எதையும் கழிக்காமல், நிலைக்கழிவு மட்டும் போக 13.25 லட்சம், வரி 81,900. புதிய முறையில் 23,660 ரூபாய் குறைவு. இத்தனைக்கும் அவர் ஒன்றரை லட்சத்தை எங்கோ பூட்டி வைக்கவும் தேவையில்லை.

வீட்டுக்கடன் வட்டி 2 லட்சம், வாடகைப்படி விலக்கு இரண்டும் சேர்ந்து வந்தால் பழைய முறை ஜெயிக்கக்கூடும். கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டும்.

இங்கே ஒரு கண்ணி உண்டு. சம்பளம் மட்டும் வாங்குபவர் வருடா வருடம் மாற்றிக்கொள்ளலாம். கிளினிக் வருமானம் உள்ளவர் பழைய முறைக்குப் போக 10-ஐஇஏ படிவம் கொடுக்க வேண்டும். போய்விட்டுப் புதியதற்குத் திரும்பினால், தொழில் வருமானம் இருக்கும்வரை மறுபடி பழையதற்குப் போக முடியாது.

மார்ச் கடைசி வாரத்தில் வரிக்காக எல்ஐசி எண்டோமென்ட் பாலிசி எடுக்கச் சொன்னால், புதிய முறையில் அதற்குக் கழிவே கிடையாது என்று சொல்லி அனுப்பிவிடுங்கள். டேர்ம் பாலிசி வேறு விஷயம். வரிக்காக இல்லை, கடன் உள்ள டாக்டர் என்பதற்காக எடுங்கள்.

எங்களுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. விவசாய வருமானத்துக்கு வரி கிடையாதே, அதைக் காட்ட வேண்டுமா?

காட்ட வேண்டும். சித்தூர் தாலுகா, பொள்ளாச்சிப் பக்கத்து டாக்டர்களில் நிறையப் பேர் விவசாயக் குடும்பம், ஆகவே இதைக் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

முதலில், தோப்பு யார் பெயரில் இருக்கிறது? அப்பா பெயரில் இருந்து அவர்தான் தேங்காய் விற்கிறார் என்றால் அது அவர் வருமானம், உங்கள் ரிட்டர்னில் வராது. பாகம் பிரித்து உங்கள் பெயருக்கு வந்த நிலம் என்றால் உங்களுடையது.

விவசாய வருமானத்துக்கு நேரடியாக வரி இல்லை. ஆனால் அது 5,000 ரூபாயைத் தாண்டி, மற்ற வருமானமும் அடிப்படை விலக்கைத் தாண்டினால், வரி விகிதத்தைத் தீர்மானிக்க இரண்டையும் கூட்டுவார்கள். உதாரணமாக, தொழில் வருமானம் 10 லட்சம், தோப்பு வருமானம் 4 லட்சம். 14 லட்சத்துக்கு வரி 90,000. அதிலிருந்து, தோப்பு 4 லட்சத்தோடு அடிப்படை விலக்கு 4 லட்சம் சேர்த்த 8 லட்சத்துக்கான வரி 20,000-ஐக் கழிக்க வேண்டும். மீதி 70,000. தள்ளுபடி அதிகபட்சம் 60,000. ஆக 10,000 ரூபாயும் செஸ் 400-ம் கட்ட வேண்டும். ‘12 லட்சம் வரை வரியே இல்லை’ என்று நம்பி வருபவர்கள் இந்த இடத்தில் முகம் சுளிப்பார்கள்.

இரண்டாவது சிக்கல், விவசாய வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டினால் எளிய ஐடிஆர்-4 படிவம் போட முடியாது. 44ஏடிஏ-யில் இருந்தாலும் ஐடிஆர்-3 போட வேண்டும். தெரியாமல் 4-ஐப் போட்டால் குறைபாடுள்ள ரிட்டர்ன் என்று நோட்டீஸ் வரும்.

கிளினிக் ரொக்கத்தை ‘தேங்காய் வித்த காசு’ என்று காட்டலாமா என்று சிலர் மெல்லக் கேட்பார்கள். எத்தனை மரம், எத்தனை வெட்டு, எந்த வியாபாரி என்று அதிகாரி கேட்டால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

தொழில்வரி எங்கே கட்டுவது? கிளினிக் பதிவு?

தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் தொழில்வரியை உள்ளாட்சிதான் வாங்குகிறது, அரையாண்டுக்கு ஒருமுறை. ஒருவரிடம் ஒரு உள்ளாட்சி வருடத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்க அரசியலமைப்பின் 276ஆம் பிரிவு இடம் தரவில்லை. ஆஸ்பத்திரி உங்கள் சம்பளத்திலேயே பிடித்திருந்தால் அந்த ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். கொழிஞ்சாம்பாறை பஞ்சாயத்தில் கேட்டாலும் காட்டத் தேவைப்படும்.

கேரளத்தில் கிளினிக் வைத்தால் கேரள மாநில மருத்துவக் கவுன்சில் பதிவும், 2018ஆம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் சட்டப்படி கிளினிக் பதிவும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டுப் பக்கம் 1997ஆம் ஆண்டுச் சட்டம். சென்னைக் கவுன்சிலில் பதிவு இருக்கிறது, அது போதும் என்று எல்லை தாண்டி போர்டு மாட்டிவிடாதீர்கள்.

அரசு டாக்டர் நான். சாயங்காலம் வீட்டில் பார்க்கிறேன்.

கேரளத்தில் மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் தனியாக நோயாளி பார்க்க (பிரைவேட் பிராக்டீஸ்) தடை. சுகாதாரத் துறை டாக்டர்கள் நிபந்தனைகளோடு தங்கள் குடியிருப்பில் பார்க்கலாம். தமிழ்நாட்டில் பணி நேரத்துக்கு வெளியே அனுமதி. அனுமதி உள்ளவர்கள் சம்பளத்தையும் கிளினிக் வரவின் 44ஏடிஏ கணக்கையும் ஒரே ரிட்டர்னில் காட்டலாம். சம்பளத்தில் டிடிஎஸ் பிடித்துவிட்டார்கள், மற்றது யாருக்குத் தெரியும் என்று விடாதீர்கள். யுபிஐ-யில் வாங்கியதெல்லாம் வங்கிக் கணக்கில் தேதியோடு இருக்கிறது.

ஜிஎஸ்டி வருமா?

சிகிச்சைக்கு வராது. கம்பெனி டாக்டராகத் தொழிலாளிகளைப் பார்ப்பதும் சிகிச்சைதான். முடி நடுதல், அழகுக்காக மட்டும் செய்யும் அறுவை போன்றவைக்கு விலக்கு இல்லை. உங்கள் பானிலேயே மெடிக்கல் ஷாப் வைத்தாலும் கவனம்: 20 லட்சம் வரம்பைப் பார்க்கும்போது விலக்குள்ள சிகிச்சைக் கட்டணத்தையும் கூட்டித்தான் பார்ப்பார்கள். கடையில் ஒரு லட்சத்துக்குத்தான் விற்றேன் என்பது உதவாது.

என் கணவர்தான் கிளினிக் நிர்வாகம், வரவு செலவு எல்லாம் பார்க்கிறார். அவருக்குச் சம்பளம் கொடுத்து வரியைக் குறைக்கலாமா?

44ஏடிஏ-யில் இருந்தால் அந்தச் சம்பளத்தைத் தனிச் செலவாகக் கழிக்க முடியாது, ஆகவே பயன் இல்லை. முழுக் கணக்கில் இருந்தாலும், அவருக்குத் தொழில்நுட்ப அல்லது தொழில்முறைத் தகுதி இருந்து அந்தத் தகுதியால் சம்பாதித்தால் தவிர, அது உங்கள் வருமானத்திலேயே சேரும். அவரும் டாக்டர், அவரே நோயாளிகளைப் பார்க்கிறார் என்றால் அது வேறு கதை. அவர் பீஸ் அவர் கணக்குக்கே போகட்டும், ஆளுக்கொரு ரிட்டர்ன்.

மெடிக்கல் ரெப் தரும் பொருளுக்கும், ஸ்கேன் சென்டர் தரும் கவருக்கும் கணக்கு உண்டா?

கவர் வாங்குவதே மருத்துவ நெறிமுறைக்கு எதிரானது, அதற்கு வரி யோசனை சொல்ல முடியாது. வாங்கினால் அது வருமானம்தான். கம்பெனி தரும் பொருள், பயணம் வருடத்துக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் 194ஆர் பிரிவில் 10 சதவீதம் பிடிக்க வேண்டும், 2022 ஜூலை 1 முதல். அது உங்கள் 26ஏஎஸ்-இல், அதாவது உங்கள் பானில் பிடித்த வரிகளின் பட்டியலில், வந்து நிற்கும். அதே 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், டாக்டர்களுக்குத் தரும் இலவசங்களை மருந்து கம்பெனிகள் செலவாகக் கழிக்க முடியாது என்று சொல்லிவிட்டது. கோவா மாநாட்டுக்கு டிக்கெட் போட்டுத் தருகிறோம் என்றால் இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

முன்வரி (வருடம் முடியும் முன்பே கட்டும் அட்வான்ஸ் டாக்ஸ்) கட்ட வேண்டுமா?

டிடிஎஸ் போக வருட வரி 10,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் வருமானால் கட்ட வேண்டும். 44ஏடிஏ-யில் உள்ளவருக்கு ஒரே தவணை, மார்ச் 15. முழுக் கணக்கில் உள்ளவருக்கு ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் என்று நான்கு. தவறினால் மாதம் 1 சதவீத வட்டி. மாறாக, வரியே வராதவரிடம் ஆஸ்பத்திரி மாதம் 15,000 பிடித்துக்கொண்டிருந்தால், படிவம் 13 கொடுத்துக் குறைந்த பிடித்தத்துக்குச் சான்று வாங்கலாம். கடன் தவணை கட்டும் வயதில் அந்த 15,000 பெரிய பணம்.

மூன்று வருடமாக ட்யூட்டி பார்த்தேன், 10 சதவீதம் பிடித்தார்கள், ரிட்டர்னே போடவில்லை. அந்தப் பணம் போனதுதானா?

முழுதாகப் போகவில்லை. அந்தந்த மதிப்பீட்டு ஆண்டின் (சம்பாதித்த நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டின்) டிசம்பர் 31 வரை தாமத ரிட்டர்ன் போட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அதுவும் தாண்டிவிட்டால், புதுப்பித்த ரிட்டர்ன் வழியாகப் பணம் திரும்பப் பெற முடியாது, அது கூடுதல் வரி கட்டுபவர்களுக்கான வழி. உங்களுக்கு உள்ளது 119(2)(பி) பிரிவில் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு. மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்து வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். தாமதத்துக்கு நம்பும்படியான காரணமும் சான்றும் கேட்பார்கள், முதுநிலைப் படிப்பு, நுழைவுத்தேர்வு, உடல்நிலை என்று எது உண்மையோ அதற்கான தாளோடு கொடுங்கள். அதற்கு முன்னால் வருமான வரி இணையதளத்தில் நுழைந்து மூன்று வருடத்து 26ஏஎஸ்-ஐயும் இறக்கிப் பாருங்கள். பிடித்ததாகச் சொன்ன ஆஸ்பத்திரி அதை உங்கள் பானில் கட்டியே இருக்காது என்பதும் நடக்கும். அப்படியிருந்தால் பணம் வரவான வங்கிப் பக்கத்தையும் பிடித்த விவரம் உள்ள சீட்டையும் எடுத்துக்கொண்டு முதலில் அவர்கள் கணக்குப் பிரிவுக்குத்தான் போக வேண்டும்.